காற்று எடுக்க இரண்டு பேர்

ஜனவரி 6, திங்கள்

பியட் காரை வாங்க ஆள் வந்துவிட்டது. கோத்தகிரியில் பல் டாக்டர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஷெட்டில் தார்ப்பாயை விலக்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "கோயிலா டாக்டர் இது?" என்று கேட்டேன். "எனக்கு அப்படித்தாங்க டீச்சர்" என்றார். புது பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மூன்றாவது முயற்சியில் இன்ஜின் ஓடியது.

அவருடைய அம்மாவும் மனைவியும் நான்கு வயது மகளும் கூட வந்திருந்தார்கள். குழந்தை பின் ஸீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"ரப்பர் பூராம் போயிருச்சு. நான் எங்க மெக்கானிக்கிட்ட மாத்திக்கறனுங்க" என்றார் டாக்டர்.

"வேண்டாம். நான் மாற்றித் தருகிறேன். பிப்ரவரி பதினாறாம் தேதி வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

என் கணவர் ஷெட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. ஒன்பது வருஷமாக அவர் அந்த ஷெட்டுக்குள் கால் வைப்பதில்லை. டாக்டர் போனபின், "உனக்கு எதுக்கு அம்மிணி இந்த வேலை?" என்றார். முப்பது வருஷம் உங்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள்தானே என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தக் குடும்பம் இந்தக் காரில் தினமும் மலை ஏறி இறங்கப் போகிறது.

ஜனவரி 8, புதன்

காலையில் ஒரு நோட்டுடன் காரைச் சுற்றி வந்தேன். கதவோர ரப்பர் பீடிங் நான்கும் வெடித்திருக்கின்றன. கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் கருவாடு மாதிரி ஆகிவிட்டது. ரேடியேட்டர் ஹோஸை அழுத்தினால் நொறுங்குகிறது. பெடல் ரப்பர், வைப்பர், ஒயர் நுழைகிற துளைகளில் இருக்கும் வளையங்கள். கடைசியில் பிரேக்.

ரப்பர் ஏன் வீணாகிறது என்று வகுப்பில் கேட்பேன். காலை வணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகளைக் கைகோத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதுதான் ரப்பர் என்பேன். இழுத்தால் வரிசை நீளும். விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். வெயிலும் காற்றும் வந்து ஒவ்வொரு கையாகப் பிரித்துவிட்டால்? வரிசை உடையும். வெடிப்பு விழும். எண்ணெய் வேறு வகை. அது கையைப் பிரிக்காது. பிள்ளைகளுக்கு நடுவே அந்நியர்கள் நுழைந்து உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? வரிசை ஊதிப்போய்

இதை இன்னொரு நாள் எழுதலாம். அவருக்கு மாத்திரை கொடுக்கும் நேரம்.

ஜனவரி 11, சனி

மேட்டுப்பாளையம் கடைகளில் பியட் சாமான் கிடைக்கவில்லை. ரயிலில் கோயம்புத்தூர் போய்வந்தேன். பழைய வண்டிச் சாமான் விற்கும் கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என்னையும் என் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருங்க மாட்டப் போறது?"

"நான்தான்."

"வீட்டுக்காரரு?"

"நல்லாத்தான் இருக்கிறார்."

எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பிரேக் கப்புகள் ஒரு சின்ன டப்பாவில். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் வந்து இந்தக் கிண்ணம் போன்ற ரப்பரைத் தள்ளும். அது பிரேக் கட்டையைத் தள்ளும். இவ்வளவு பெரிய வண்டி அந்த எட்டு ரப்பரில் நிற்கிறது.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு" என்றார். "அழுக்கு இருக்குதுன்னு சொல்லி மண்ணெண்ணெய், பெட்ரோல்ல மட்டும் கழுவிப்போடாதீங்க. நெறைய பேரு அந்தத் தப்பப் பண்றாங்க. ஊதிப்போயி உள்ள கவ்விக்கும். எறக்கத்துல சூடேறி மொத்தமாக் கைவிட்ரும்."

"தெரியும்" என்றேன்.

"தெரியாம இருக்குமா, கெமிஸ்ட்ரி டீச்சருக்கு" என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இரண்டு பேருக்கு அரைப்படி அரிசி அதிகம்தான்.

ஜனவரி 17, வெள்ளி

தபாலில் கல்யாணப் பத்திரிகை. என் கொழுந்தனார் குழந்தைவேலுவின் மகள் பிரதீபாவுக்குப் பிப்ரவரி பத்தாம் தேதி சிறுமுகையில் கல்யாணம்.

சிறுமுகை இங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். கூடப் பிறந்த அண்ணன் வீட்டுக்குப் பத்திரிகை தபாலில் வருகிறது. புருஷனும் மனைவியுமாகத் தட்டோடு வந்து, ஆணை ஆண் அழைத்து, பெண்ணுக்குப் பெண் குங்குமம் கொடுத்துக் கூப்பிடுவதுதான் முறை. தபாலில் போடுவது, உறவு விட்டுப்போகவில்லை என்று ஊருக்குக் காட்ட மட்டும்.

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து கொழந்தையோடதுதான்" என்றார். தம்பியை இன்னும் அப்படித்தான் சொல்வார்.

"போலாமா?"

"தபால் தட்டுக்குப் போயி எலையில உக்காரச் சொல்றியா? அவன் மேல தப்பு இல்ல அம்மிணி. அவன் காலு."

பத்திரிகையைக் காலண்டருக்குப் பின்னால் செருகினார்.

ஜனவரி 20, திங்கள்

முன் கண்ணாடி ரப்பர். இது மட்டும் எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் நன்றாக வந்தது. புது ரப்பரைக் கண்ணாடி விளிம்பில் மாட்டி, அதன் காடியில் சுற்றிலும் ஒரு கயிறு வைக்க வேண்டும். கண்ணாடியை வண்டியில் வைத்து வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்தால் ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி வந்து உட்காரும். சோப்புத் தண்ணீர் தடவினால் போதும்.

பக்கத்து வீட்டு வேதவல்லி வந்து அழுத்தினாள். அவர் வாசலில் நின்றபடியே, "மூலையில அவசரப்படாத. மூலையில நிறுத்தி நிறுத்தி இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று அடி தூரம். அதற்குமேல் வரவில்லை.

வேதவல்லி கேட்டாள்: "ஏனுங்கக்கா, சார் காரே ஓட்ட மாட்டாரா?"

"ஓட்டினார். ஒரு விபத்து. தம்பிக்கு அடிபட்டுவிட்டது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எல்லோரிடமும் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

கதவு பீடிங் முடிந்தது. இப்போது கதவைச் சாத்தினால் சத்தம் கனமாக வருகிறது. ஹோஸ், பெடல் ரப்பர் எல்லாம் ஆயிற்று. மிச்சம் பிரேக் மட்டும்.

ஜனவரி 25, சனி

கரப்பான்பூச்சிக்காக அலமாரி முழுவதும் காலி செய்து துடைத்தேன். பிரேக் வேலை செய்ய நேரமில்லை.

ஜனவரி 27, திங்கள்

ஜாக்கி போட்டு பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் சிலிண்டரைத் திறந்தேன். பழைய கப் வெளியே வரவில்லை. குச்சியால் தள்ள வேண்டியிருந்தது.

வந்தது. புதுக் கப்பையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

யாருக்கும் காட்டாத இந்த நோட்டில்கூட நான் இதை எழுதியதில்லை. வகுப்பில் ஒரு பெண் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டால் என்ன சொல்வேன்? தப்பு இருக்கட்டும், பக்கத்தைக் கிழிக்காதே என்பேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவர் நான்கு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் கப்புகளை எடுத்துச் செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்தார். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. சுத்தம் செய்து திரும்ப மாட்டுவதாக இருந்தார். அதற்குள் காரமடையில் ஒரு சாவு என்று தகவல் வந்தது. கிளம்பும்போது "ஒண்ணையும் தொடாத அம்மிணி" என்றார். எப்போதும் சொல்வதுதான்.

கப்புகளில் கறுப்புக் களிம்பு. என்னால் அழுக்கைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சில்வர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போட்டேன். டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. எடுத்துத் துடைத்து, அதே வரிசையில் வைத்தேன். பளபளவென்று இருந்தன. அவர் கவனிக்கிறாரா பார்ப்போம் என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் அவர் வந்து மாட்டினார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஷெட்டு அடுப்படியை ஒட்டியே இருக்கிறது. "அட, புதுசாட்டம் டைட்டா உக்காருது. இன்னும் நல்லாப் புடிக்கும்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் இல்லை, தெரிந்துவிட்டது. வருஷா வருஷம் ஒரு ரப்பர் துண்டை மண்ணெண்ணெயில் போட்டு, மறுநாள் தூக்கிக் காட்டுகிறவள் நான். சொல்லியிருந்தால், "தொடாதன்னு சொன்னனா இல்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தேன். கொஞ்சம்தானே ஊறியது, காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோசையைத் திருப்பிப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கோத்தகிரியில் ஒரு புதுமனை புகுவிழா. நாங்கள் இரண்டு பேர், கொழுந்தனார். இறங்கும்போது நான்காவது வளைவில் பெடல் தரைக்குப் போய்விட்டது. பள்ளத்தில் விழாமல் இருக்க அவர் வண்டியை மலைப்பக்கம் திருப்பினார். பாறையில் இடித்தது இடது பக்கம். முன்னால் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் கொழுந்தனார். இடுப்பும் முழங்காலும் நொறுங்கின. வண்டியின் தகரத்தை நிமிர்த்திக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டதோடு சரி, பிரேக்கை யாரும் திறந்து பார்க்கவில்லை.

கொழுந்தனார் அதே மலையில் பதினெட்டு வருஷம் அரசுப் பஸ் ஓட்டியவர். கிளட்ச் மிதிக்கிற கால் போய்விட்டது. டெப்போவில் வாசலில் உட்கார்ந்து வண்டி எண் எழுதுகிற வேலை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "பிரேக்க அக்கறையாப் பாக்கத் தெரியாதவன் வண்டி வெச்சிருக்கக் கூடாது. எம் பொழப்பக் கெடுத்துப்போட்ட அண்ணா."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தான் சரியா மாட்டல" என்றார்.

நான் பக்கத்தில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 30, வியாழன்

எட்டுக் கப்பும் மாற்றிவிட்டேன். புது பிரேக் ஆயில் ஊற்றினேன். இனிக் குழாயில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் ஒரு திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். வேதவல்லியைக் கூப்பிட்டால் வருவாள்.

அவரைக் கேட்டேன்.

"ஏனுங்க, காத்து எடுக்கோணும். வந்து மிதிக்கிறீங்களா?"

"நானா?"

"மிதிக்கிறது மட்டும்தானுங்க."

"எங் காலு அந்தப் பெடல்ல பட வேண்டாம் அம்மிணி. ஒருத்தன் காலு போனது போதும்." சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"கப்பை மண்ணெண்ணெயில் போட்டது நான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "அடடா. சரி உடு, வேற கப்பு வாங்கிக்கலாம்."

"இப்ப இல்லீங்க. அப்ப."

டியூஷன், கிண்ணம், மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் பாடம் சொல்வது போல வரிசையாக வந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பவானி ஆற்றுப் பாலத்தில் நிற்பதை வேதவல்லி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். தானே போட்டுச் சாப்பிட்டார்.

ஜனவரி 31, வெள்ளி

காலையில் காபி கொடுத்தபோது கேட்டார்.

"டைட்டா இருக்குன்னு நான் சொன்னப்ப நீ எங்க இருந்தே?"

"அடுப்படியில."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

மண்ணெண்ணெயைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. காபியைக் குடித்து முடிக்கும்வரை என்னைப் பார்க்கவும் இல்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்றேன்" என்றார் கடைசியில். "ஒம்பது வருசமா எங் கையையே நான் நம்பறதில்ல. கேஸ் சிலிண்டரக்கூட மாட்டறதில்ல, பாத்திருப்பே. பாத்துட்டுத்தான இருந்தே?"

"இருந்தேன். மன்னிச்சுக்குங்க."

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? காலு போனது எனக்கா?"

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டு நாளாக வீட்டில் டிவிதான் பேசுகிறது.

பிப்ரவரி 3, திங்கள்

பத்து மணி பஸ்ஸில் சிறுமுகைக்குப் போனேன். கல்யாண வீட்டில் பந்தலுக்கு மூங்கில் இறங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் கைத்தடியை ஊன்றி நின்று, "சாச்சு வெய்யப்பா, செவுத்துல இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சிருக்குது" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தம் நின்றது.

"வாங்க நங்கையா" என்றார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி சிவகாமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் வாங்கிக்கொண்டேன், குடிக்கவில்லை. குடித்துவிட்டுச் சொல்வது சரியில்லை என்று தோன்றியது.

நின்றபடியே சொன்னேன். சிவகாமி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அவர் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சே வண்டியில ஏறி உக்காந்தீங்களா?"

"காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்."

"பின்னால உக்காந்துட்டு எங்கூடப் பேசிட்டுத்தான வந்தீங்க. முறுக்கு குடுத்தீங்க."

"ஆமாம்."

"எங்கப்பன் சாவுக்கு எங்கண்ணன் வந்து மூலையில நின்னுட்டுப் போனானுங்க. பாடையில ஒரு பக்கம் தோளு குடுக்க வந்தவன, தொடாதேன்னு சொன்னவன் நானு. ஊரே பாத்துச்சு. அவன் ஒரு வார்த்தை சொல்லல." அவர் குரல் ஏறியது. மூங்கில் இறக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாக்கத் தெரியாதவன்னு சொன்னேன். எனக்கு ஸ்டீரிங் புடிக்கச் சொல்லிக் குடுத்ததே அவன்தானுங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க போங்க. இன்னங் கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா நான் மரியாதை இல்லாமப் பேசிப்போடுவேன். கல்யாண ஊடு."

சொம்பைத் திண்டின்மேல் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, "சொல்லிவிட்டேன்" என்றேன். அவர் தலையை அசைத்தார். பிரேக் வேலை பாதியில் நிற்கிறது.

பிப்ரவரி 5, புதன்

ஒரு தகவலும் இல்லை. மூன்று சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ. கொழுந்தனார் இறங்கினார். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் தாம்பூலத் தட்டு. பழம், வெற்றிலை, பத்திரிகை. தனியாக வந்திருந்தார். சிவகாமி வரவில்லை. பெண்ணை அழைக்கப் பெண் வர வேண்டும். எனக்குப் புரிந்தது. நான் அடுப்படி வாசலோடு நின்றுகொண்டேன்.

என் கணவர் எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"அண்ணா" என்றார் கொழுந்தனார். "பத்தாந்தேதி பொண்ணுக்குக் கல்யாணம். நீ முன்னால வந்து நின்னு நடத்திக் குடுக்கோணும்."

"வா கொழந்தை. உக்காரு மொதல்ல. கால நீட்டி உக்காரு."

"நீ வரேன்னு சொல்லு."

"வரேன்டா."

தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். இரண்டு பேரும் சம்பந்தி வீட்டைப் பற்றி, வெயிலைப் பற்றி, சமையல்காரரைப் பற்றிப் பேசிப் பார்த்தார்கள். பேச்சு நின்று நின்று போயிற்று. கடைசியில் கொழுந்தனார் ஜன்னல் வழியே ஷெட்டைப் பார்த்துவிட்டு, "கப்பு மாத்தியாச்சா?" என்றார்.

"அவ மாத்திட்டா. காத்து எடுக்கல."

"ஏன்?"

அவர் தட்டில் இருந்த வெற்றிலையை நேராக அடுக்கினார். கொழுந்தனார் தடியை ஊன்றி எழுந்தார். "ஒரு மணை இருந்தாக் கொண்டா. எனக்குக் குந்த முடியாது. நீ மேல ஏறு."

"நான் வேண்டாம் கொழந்தை."

"அட ஏறுங்கறேன். பின்ன, நானா மிதிக்கறது? இந்தக் காலு மடங்கி உள்ள ஏறுமா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்தபின் முகம் மாறிவிட்டது.

ஷெட்டுக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கார் கதவு. நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

"தூரத்துச் சக்கரத்துல ஆரம்பிக்கறேன்" என்றார் கொழுந்தனார். "மிதி."

"மிதிச்சாச்சு."

"புடி. அப்படியே புடி... உம். உடு."

"வருதா?"

"நொரை நொரையா வருது. மிதி."

"மிதிச்சாச்சு."

"புடி. உடு. மெல்ல உடுண்ணா, உள்ள திரும்ப காத்து ஏறிக்கும். அவசரக்காரன் நீ."

"நானா அவசரக்காரன்? மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல ஆள் ஏறறதுக்குள்ள வண்டி எடுத்தவன் யாரு?"

நான்கு சக்கரம். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. மிதி, புடி, உடு என்பது தவிர அதிகம் பேசவில்லை. ஆனால் நடுவில் எந்த இடத்திலும் சத்தம் நிற்கவில்லை. கடைசிச் சக்கரத்தில் "பெடல் கல்லாட்டம் நிக்குதுடா" என்று என் கணவர் சொன்னது கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

கொழுந்தனார் கை கழுவிவிட்டு ஆட்டோவில் ஏறினார். நான் வைத்த காபி டம்ளரில் அப்படியே இருந்தது. ஆடை படிந்துவிட்டது. என் கணவர் அதை எடுத்துக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் கொடுத்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவர் இரண்டு முறை ரயில்வே கேட் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். கார் துடைத்தார். வெள்ளைச் சட்டை இஸ்திரிக்குப் போட்டார். "நீயும் வரயா?" என்று கேட்டார்.

"என்னை யாரும் கூப்பிடவில்லையே" என்றேன்.

"ஆமா" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு போனார். நான் துணி துவைத்தேன். ரசம் வைத்தேன். முகூர்த்த நேரத்தில் சாமி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்கு வந்தார். வேட்டியில் மஞ்சள் கறை, நெற்றியில் வியர்வை. நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போனது இவர்தானாம். குழந்தைவேலு விடவில்லையாம். மாப்பிள்ளை நெட்டை, தாலி கட்டக் குனிந்தபோது தலைப்பாகை விழுந்துவிட்டதாம். சாம்பாரில் உப்பு அதிகமாம். இத்தனை வார்த்தை இந்த வீட்டில் பேசி எத்தனை நாளாயிற்று.

என்னைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"பிரதீபா கேட்டுச்சு. பெரியம்மா எங்கீங்கன்னு. மணவறையில வெச்சே கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. கொழந்தையும் சொல்லல. புதன்கெழமை பொண்ணும் மாப்பிள்ளையும் இங்க விருந்துக்கு வராங்க. அனுப்பறேன்னு அவன்தான் சொன்னான். நம்ம ஊட்டுல வெச்சு அது கேக்கும். நீயே சொல்லிப்போடு."

"சரிங்க" என்றேன்.

அவர் படுக்கப் போய்விட்டார். நான் விருந்துக்குச் சாமான் எழுத உட்கார்ந்தேன். பச்சரிசி, வெல்லம், நெய், வாழையிலை பத்து. அதற்குமேல் எழுத ஓடவில்லை.

விபத்து நடந்த வருஷம் பிரதீபா பிளஸ் ஒன். எங்கள் பள்ளிக்கூடம், என் வகுப்பு, இரண்டாவது பெஞ்ச், மண்ணெண்ணெயில் ஊறிய ரப்பரை நான் தூக்கிக் காட்டியதைப் பார்த்தவள். நான் பாதி சொல்வதற்குள் மீதி அவளுக்குப் புரிந்துவிடும். ஆனாலும் முழுவதையும் சொல்ல வேண்டும்.